பொடுகுக்கு எண்ணெய் வைக்கலாமா? 1874-ல் இருந்து ஒரு சண்டை

தலை அரிக்குதுன்னு வீட்டுல சொல்லிப் பாருங்க. "எண்ணெயே வைக்கிறதில்ல, தலை காய்ஞ்சு கிடக்கு" — இதான் பதில். இது எவ்வளவு சரின்னு பார்க்க நாம 1874-க்குப் போகணும்.

அந்த வருஷம் பிரான்ஸ்ல லூயி-சார்ல் மலாசே என்ற மருத்துவர், பொடுகுச் செதில்ல ஈஸ்ட் மாதிரியான ஒரு பூஞ்சை இருக்குன்னு சொன்னார். பின்னாடி அவர் பெயராலேயே அது 'மலாசீசியா' ஆச்சு. ஆனா ஒரு சிக்கல். பொடுகே இல்லாத தலையிலயும் இந்தப் பூஞ்சை இருக்கு! அப்போ இது குற்றவாளியா, இல்ல சும்மா பக்கத்துல நின்ன ஆளா? இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 1980-களில் பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகோனசோல் வந்தது. பூஞ்சை குறைஞ்சதும் பொடுகும் குறைஞ்சது. மலாசே சொன்னதுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. நம்ம பாஷையில சொன்னா, அந்த ஒரு ப்ராசஸை நிறுத்திப் பார்த்துதான் பக் எங்கேன்னு கண்டுபிடிச்சாங்க.

மலாசீசியாவால் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்க முடியாது. தலைத்தோல் சுரக்கும் எண்ணெயை உடைச்சுத் தின்னுட்டு, ஒலியிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைக்கும். அது சிலருக்கு மட்டும் ஒத்துக்காது. தோல் எரிச்சலாகி அவசரமாச் செதில் உதிர்க்கும், அரிக்கும். நல்லெண்ணெயிலோ ஒலியிக் அமிலம் கிட்டத்தட்ட 40 சதவீதம்!

அப்போ தாத்தா காலத்து சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தப்பா? அங்கதான் விஷயமே. காலையில தேய்ச்ச எண்ணெய் மதியச் சாப்பாடு வரைக்கும்கூட தலையில தங்காது. சீயக்காயோ அரப்போ போட்டு எடுத்துடுவாங்க. அரப்புன்னா உசிலை மரத்து இலையைக் காயவச்சு அரைச்ச பொடி. ரெண்டுலயும் இருக்கும் சப்போனின் எண்ணெயைப் பிடிச்சு இழுத்துட்டு வரும். (தினமும் எண்ணெய் வழிய வாரி ஸ்கூலுக்கு அனுப்பினதும் உண்டு, அதை நான் காப்பாத்த வரல.) நாம எண்ணெயை வச்சுக்கிட்டு அரப்பை விட்டுட்டோம். ராத்திரி வச்ச எண்ணெயோட காலையில ஹெல்மெட்டும் மாட்டிக்கிறோம்.

பொடுகு இருக்கறவங்க எண்ணெயை ஊற விடாதீங்க. கீட்டோகோனசோல் ஷாம்பூ வாங்கினா, போட்ட உடனே கழுவாம மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம் விட்டு அலசுங்க. செதில் தடிப்பா வந்தாலோ, திட்டுத்திட்டா முடி கொட்டினாலோ அது வேற கதையா இருக்கலாம், தோல் மருத்துவர்கிட்ட காட்டிடுங்க.