வீதியும் பந்தயத் தடமும்: மோட்டார்ச் சைக்கிள் ரயரின் வரலாறு

வேலை நாட்களில் தொழிலுக்கும், விடுமுறை நாட்களிற் சிலவேளை பந்தயத் தடத்துக்கும் ஒரே மோட்டார்ச் சைக்கிளிற் செல்லும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருடைய வண்டியின் ரயர்கள் தேய்ந்துவிட்டன. புதியன வாங்கக் கடைக்குச் செல்கின்றார். வீதிக்கென ஒரு வகையும், பந்தயத்துக்கென இன்னொரு வகையும், இவ்விரண்டுக்கும் நடுவே பல வகைகளும் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. எதனை வாங்குவது? கேட்பதற்கு இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஓடும் வண்டியின் ஒவ்வொரு சில்லும் நிலத்தைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்திலேயே என்பதை நினைத்தால், அதில் ஏறிச் செல்பவரின் உயிர் அந்த இரண்டு சிறு இடங்களையே நம்பியிருக்கின்றது என்பது விளங்கும். இக்கேள்விக்கு விடைகாண ரயரின் வரலாறே நமக்குத் துணைசெய்கின்றது.

இறப்பர் தன் இயல்பான நிலையில் வெப்பத்தில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்துப்போகும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்கும் என்பதை 1839 ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். 1845 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் வில்லியம் தொம்சன் என்பவர் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் குதிரை வண்டிகளின் காலமாகிய அன்று அதற்குத் தேவை மிகவில்லை; அது மறக்கப்பட்டது. பின்னர் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனுடைய முச்சக்கர சைக்கிள் குலுங்காது ஓடவேண்டும் என்ற விருப்பத்தால் அதே உபாயத்தைத் தாமாகவே மீண்டும் கண்டார். 1888 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1889 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி, வில்லி ஹியூம் என்னும் சைக்கிளோட்டி அத்தகைய ரயர்களைப் பூட்டிப் பெல்பாஸ்றில் நடந்த பந்தயங்களில் வெற்றி பெற்றார். ஒரு சிறுவனின் சுகத்துக்காகச் செய்யப்பட்ட பொருள், இரண்டு ஆண்டுகள் நிறையுமுன்னரே பந்தயத்தில் வென்றுவிட்டது. வீதியும் பந்தயமும் ரயரின் பிறப்பிலேயே கலந்திருந்தன எனலாம்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டனைச் சேர்ந்த கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டன. அக்கன்றுகளிற் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நாட்டப்பட்டன. டன்லொப் தம் ரயருக்குக் காப்புரிமை பெற்றபோது அம்மரங்களுக்கு வயது பன்னிரண்டு. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகி உலகம் இறப்பரைத் தேடியபோது, அத்தேவையை நிறைவேற்றியவை ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களே.

இனி மோட்டார்ச் சைக்கிளுக்கு வருவோம். பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவில் 1907 ஆம் ஆண்டு மே மாதத்தில் முதலாவது ரி.ரி. பந்தயம் நடைபெற்றது. ‘ரூறிஸ்ற் றோபி’ என்பதன் சுருக்கமே ரி.ரி. அதாவது, பயணம் செய்வோர் பயன்படுத்தும் வண்டிகளுக்குரிய பரிசு என்பது பொருள். ஆசனம், சேறு காப்பு, ஒலியடக்கி ஆகியவற்றுடன் கூடிய வண்டிகளே அதிற் கலந்துகொள்ளலாம். ஒற்றை உருளை வண்டி ஒரு கலன் பெற்றோலுக்கு 90 மைலும், இரட்டை உருளை வண்டி 75 மைலும் ஓடவேண்டும் என்றும் விதி இருந்தது. முதற் பிரிவில் மற்ச்லெஸ் வண்டியிற் சார்லி கொலியரும், இரண்டாம் பிரிவில் நோட்டன் வண்டியில் றெம் பவுலரும் வென்றனர். பவுலர் வழியில் ரயர் வெடித்து வீழ்ந்து, அதனைத் தம் கையாற் சீர்செய்து மீண்டும் ஏறி ஓடியே வென்றார். புழுதியும் கல்லும் நிறைந்த அன்றைய வீதிகளில் ரயர் எத்தனை மென்மையாய்ப் பிடிக்கின்றது என்பதனைவிட, அது இறுதிவரை தாங்குமா என்பதே பெரிய கேள்வியாயிருந்தது.

தாங்கும் வலிமையைத் தந்தது கரித்தூளே. 1904 ஆம் ஆண்டில் இலண்டன் சில்வர்ரவுண் பகுதியிலிருந்த இறப்பர்த் தொழிற்சாலையில், நுண்ணிய கரித்தூளைக் கலந்தால் இறப்பர் பன்மடங்கு உறுதி பெறும் என்பது கண்டறியப்பட்டது. வெளிறிய நிறமாயிருந்த ரயர் காலப்போக்கிற் கறுப்பானதன் காரணம் இதுவே.

எனினும் உறுதி ஒன்று, பிடிப்பு மற்றொன்று. இறப்பர்ப் பந்து ஒன்றை நிலத்தில் எறிந்தால் அது துள்ளி எழுகின்றது. நன்றாகத் துள்ளும் இறப்பர், தான் பெற்ற சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதால் அதிகம் சூடேறாது, நெடுங்காலம் உழைக்கும். துள்ளாத இறப்பரோ சக்தியைத் தன்னுள்ளே வெப்பமாக மாற்றிக்கொள்கின்றது. அது வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களிற் படிந்து இறுகப் பற்றும். ஆனால் விரைவிற் சூடேறித் தேயும். ஒரே கலவையில் இவ்விரண்டு குணங்களையும் முழுமையாகப் பெறுதல் அரிது. இதனாலேயே இரண்டாம் உலகப் போரின் பின்னர் பந்தய ரயர் தனி வழியிற் செல்லத் தொடங்கியது. வண்டி சரிந்து திரும்பும்போது அகன்ற பரப்பு நிலத்திற் படியும்படி, முக்கோணம் போன்ற குறுக்குவெட்டுடைய பந்தய ரயர்கள் 1960களில் வந்தன. 1970களிலே தவாளிப்பு எதுவுமில்லாத வழுவழுப்பான ரயர்கள் பந்தயத் தடங்களில் நிலைபெற்றன.

ஆயினும் வீதியும் பந்தயமும் முற்றாகப் பிரிந்துவிடவில்லை. 1967 ஆம் ஆண்டில், விற்பனைக்கென உற்பத்தியாகும் வண்டிகளுக்கெனத் தனிப் பந்தயம் ஒன்று மான் தீவில் தொடங்கப்பட்டது. 1969 ஆம் ஆண்டில் மல்கம் அப்ஹில் என்பவர் ட்றயம்ப் பொனவில் வண்டியில் அப்பந்தயத்தை வென்றார். ஏறக்குறைய 37¾ மைல் நீளமுள்ள அம்மலைப் பாதையின் ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் முடித்தார். அத்தகைய வண்டியொன்று அவ்வேகத்தை எட்டியது அதுவே முதற்றடவை. அவ்வண்டியிற் பூட்டியிருந்தது டன்லொப் கே 81 என்னும் வீதி ரயர். அவ்வெற்றியின் நினைவாக அதற்கு ‘ரி.ரி. 100’ என்ற பெயர் சூட்டப்பட்டது. மழையில் நீரை ஒதுக்கும் தவாளிப்புடன் வீதிக்கெனச் செய்யப்பட்ட ரயர், பந்தயத்திலும் தன் தகுதியை நிலைநாட்டியது.

பின்னர் 1980களில், உள்ளிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்லும் ‘றேடியல்’ அமைப்பு மோட்டார்ச் சைக்கிளுக்கும் வந்தது. இக்காலத்திலோ, நடுப்பகுதி கடினமும் இரு தோள்கள் மென்மையுமாக ஒரே ரயரில் வெவ்வேறு கலவைகளைப் பயன்படுத்தும் முறை பரவியிருக்கின்றது. நேராக ஓடும்போது தேய்வு குறைகின்றது. சரிந்து திரும்பும்போது பிடிப்புக் கூடுகின்றது. பழைய முரண்பாட்டுக்கு முழுத் தீர்வு இதுவன்று. நல்லதோர் உடன்பாடு எனலாம்.

நம் இளைஞர் கடையிலே இன்னும் நின்றுகொண்டிருக்கின்றார். அவர் தம்மையே கேட்கவேண்டிய முதற் கேள்வி, ‘என் வண்டியின் ஓட்டத்திற் பெரும்பகுதி எங்கே?’ என்பதாகும். பந்தய ரயர் சூடேறிய பின்னரே தன் பிடிப்பைத் தரும். பந்தயத்துக்குச் செல்வோர் அதனை மின்போர்வையாற் போர்த்து 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கியே தடத்தில் இறக்குகின்றனர். அத்தகைய ரயரைப் பூட்டிக்கொண்டு மழைபெய்யும் காலையிற் கடைத்தெரு வழியே மெதுவாகச் செல்பவருக்கு அவ்வெப்பம் எங்கிருந்து கிடைக்கும்? தவாளிப்பில்லாத ரயர் நீரின் மேல் மிதந்து வழுக்கிவிடும். மறுபுறம், நெடுந்தூரப் பயணத்துக்கான கடின ரயர் தடத்தின் கொடிய வேகத்தில் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே பெரும்பாலும் வீதியிலும் சிறுபான்மை தடத்திலும் ஓடுபவருக்கு, வீதிக்கு அனுமதிக்கப்பட்டதும், தவாளிப்புடையதும், தோள்களில் மென்கலவை கொண்டதுமான விளையாட்டு வகை ரயரே ஏற்றது. தடத்தில் ஓடும் நாட்கள் பெருகுமாயின், தடத்துக்கென வேறொரு சோடிச் சில்லுகளை வைத்திருத்தல் நன்று.

இவற்றோடு சில சிறு கடமைகளும் உண்டு. முன்னும் பின்னும் ஒன்றோடொன்று பொருந்தும் சோடியாகவே வாங்கவேண்டும். பக்கத்திற் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும்; நெடுங்காலம் கடையிற் கிடந்த ரயரைத் தவிர்த்தல் வேண்டும். புதிய ரயரின் மேற்பரப்பு வழுக்குமாதலால், முதல் 100 மைல் அளவும் நிதானமாக ஓடவேண்டும். தடத்திலே காற்றழுத்தத்தைக் குறைத்தவர், வீட்டுக்குப் புறப்படுமுன் மீண்டும் வீதிக்குரிய அளவுக்கு நிரப்ப மறத்தலாகாது.

இக்கடைசிக் கடமையைச் சிறிதென எண்ணவேண்டாம். தடத்தில் ஒருவர் தவறினால் மணற்பரப்பும், காத்துநிற்கும் வைத்தியரும் துணையாவர். வீடு திரும்பும் வழியில் எதிரே வருவது பேருந்து. மாலையில் மழை தூறும், ரயரும் குளிர்ந்திருக்கும். அந்த வழியை மனத்திற் கொண்டே ரயரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.