5.6 டெராபைட் ஓவியம் செல்போனில் நொடியில் திறப்பது எப்படி? 'டிரிபிள் ஐ எஃப்' என்றால் என்ன?

ஓவியர் ரெம்ப்ராண்ட் 1642ல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் 'நைட் வாட்ச்'. நெதர்லாந்து தலைநகர் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் இதை 8,439 புகைப்படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று இணைத்து, 2022 ஜனவரியில் ஒரே படமாக இணையத்தில் வெளியிட்டது. மொத்தம் 717 கிகாபிக்சல், அதாவது 71,700 கோடி புள்ளிகள். கோப்பின் அளவு 5.6 டெராபைட்.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் டவுன்லோட் செய்தாலும் இந்தக் கோப்பு முழுதாக வந்து சேர 5 நாட்களுக்கு மேல் ஆகும். ஆனால், செல்போனில் அந்த ஓவியத்தைத் திறந்தால் சில நொடிகளில் கண்முன் வந்துவிடுகிறது. விரலால் பெரிதாக்கினால் பெயின்ட்டில் விழுந்த மெல்லிய விரிசல்கூடத் தெரிகிறது. இது எப்படி சாத்தியம்?

துண்டு துண்டாக வரும் படம்

விஷயம் ரொம்ப சிம்பிள். முழுப் படமும் செல்போனுக்கு வருவதே இல்லை. திரையில் தெரியும் பகுதி மட்டும்தான் வருகிறது.

உதாரணத்துக்கு, 16,384 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அதை 512க்கு 512 என்ற அளவில் சதுரத் துண்டுகளாக வெட்டினால் 1,024 துண்டுகள் கிடைக்கும். அடுத்து, படத்தைப் பாதியாகச் சுருக்கி வெட்டினால் 256 துண்டுகள். இப்படியே சுருக்கிக்கொண்டே போனால் 64, 16, 4 என்று குறைந்து, கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சும். அடியில் அகலமாகவும் உச்சியில் குறுகியும் இருப்பதால் இதற்கு 'பிரமிடு' என்று பெயர்.

படத்தைத் திறந்ததும் உச்சியில் உள்ள சில துண்டுகள் மட்டும் வரும். பெரிதாக்கும்போது, அந்த இடத்துக்கு உரிய துண்டுகள் மட்டும் கீழ் அடுக்கில் இருந்து வரும். எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலும் மொத்தம் 1,365 துண்டுகள்தான். கூடுதலாகத் தேவைப்படும் இடம் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. கூகுள் மேப்பை நகர்த்தும்போது கட்டம் கட்டமாகத் தெளிவாகிறதே, அதே கதைதான்.

அப்புறம் என்ன பிரச்னை?

துண்டுகளாக அனுப்பும் நுட்பம் 2000களிலேயே வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு மென்பொருளை வாங்கி, தனித்தனி முறையில் படங்களை வைத்திருந்தது. ஒரு நூலகத்தின் படம் இன்னொரு நூலகத்தின் பக்கத்தில் திறக்காது. இரண்டு நாட்டு நூலகங்களில் இருக்கும் ஒரே நூலின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்றால், ஆய்வாளர் படங்களை டவுன்லோட் செய்து மல்லுக்கட்ட வேண்டியதுதான். மென்பொருள் நிறுவனம் கடையை மூடினால் நூலகத்தின் பாடு திண்டாட்டம்.

இதற்குத் தீர்வு காண, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் நூலகம், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் உள்ளிட்டவை 2011ல் பேசத் தொடங்கின. அதில் பிறந்ததுதான் 'ஐஐஐஎஃப்'. 'இன்டர்நேஷனல் இமேஜ் இன்டர்ஆப்பரபிலிட்டி ஃபிரேம்வொர்க்' என்பதன் சுருக்கம். சுருக்கமாக 'டிரிபிள் ஐ எஃப்' என்கிறார்கள். 2015ல் 11 நிறுவனங்கள் சேர்ந்து இதற்காக ஒரு கூட்டமைப்பை உருவாக்கின.

இது மென்பொருள் அல்ல. காசு கொடுத்து வாங்கும் பொருளும் அல்ல. படத்தை எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பொது விதி. அவ்வளவுதான்.

எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு விதிகள் முக்கியம். முதலாவது 'இமேஜ் ஏபிஐ'. படத்தின் இணைய முகவரியிலேயே ஐந்து விவரங்களை வரிசையாக எழுதிக் கேட்கலாம்: எந்தப் பகுதி வேண்டும், எந்த அளவில் வேண்டும், எத்தனை டிகிரி திருப்ப வேண்டும், வண்ணமா கருப்பு வெள்ளையா, எந்த ஃபைல் வடிவம். முகவரியில் எண்ணை மாற்றினால் போதும், ஒரே ஓர் எழுத்தை மட்டும்கூட வெட்டி எடுத்துவிடலாம்.

இரண்டாவது 'பிரசன்டேஷன் ஏபிஐ'. நூலின் பெயர், பக்கங்களின் வரிசை, உரிமை விவரம், ஒவ்வொரு பக்கத்துக்கான படம் எங்கே இருக்கிறது என்ற எல்லாம் ஒரு சிறிய கோப்பில் இருக்கும். இதற்குப் பெயர் 'மேனிஃபெஸ்ட்'. இதன் முகவரியை 'மிராடோர்', 'யுனிவர்சல் வியூவர்' போன்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், எந்த நாட்டு நூலகத்தின் நூலும் அங்கே திறக்கும். 2020ல் வந்த 3.0 பதிப்பில் ஆடியோ, வீடியோவும் சேர்ந்துவிட்டன.

வெட்டப்பட்ட ஓவியம் திரும்பி வந்தது

பிரான்சின் ஷாத்தோரூ நகர நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டு கையெழுத்து நூல் ஒன்று உள்ளது. பிரெஞ்சு மன்னர்களின் வரலாறு கூறும் நூல். அதன் சில பக்கங்களில் இருந்த சிற்றோவியங்களை யாரோ எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்படி வெட்டப்பட்ட ஓவியங்கள் பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

காகிதத்தில் இரண்டையும் ஒட்டுவது நடக்காத காரியம். ஆனால் ஒரே மேனிஃபெஸ்ட்டில், ஓட்டை விழுந்த பக்கத்தை ஓரிடத்தில் இருந்தும், ஓவியத்தை இன்னோரிடத்தில் இருந்தும் வரவழைத்து, சரியான இடத்தில் பொருத்திக் காட்டினார்கள். எந்த நூலகமும் தன் பொருளை விட்டுக்கொடுக்கவில்லை. வாசகர் மட்டும் முழுப் பக்கத்தைப் பார்த்தார்.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன. படம் அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வரில் இருந்துதான் வருகிறது. அந்த சர்வர் படுத்தால் எல்லாம் படுத்துவிடும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானபோது, அதன் டிஜிட்டல் கையெழுத்து நூல்களைப் பல மாதங்கள் பார்க்க முடியவில்லை. அந்தப் படங்களை நம்பி வெளியே உருவாக்கப்பட்ட பக்கங்களும் வெறுமையாக நின்றன. பொது விதி என்பது பாதுகாப்பு நகல் ஆகாது. மூலக் கோப்புகளைத் தனியாகப் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும்.

படம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்றும் அர்த்தம் இல்லை. காப்புரிமை நிபந்தனையை மேனிஃபெஸ்ட்டிலேயே குறிப்பிடலாம்.

சிறிய நூலகங்களால் முடியுமா?

முடியும். துண்டுகளை முன்கூட்டியே வெட்டி, சாதாரண வெப் ஹோஸ்டிங்கில் போட்டு வைத்தாலே போதும். இதற்கு 'லெவல் 0' என்று பெயர். தனி சர்வர் மென்பொருள் தேவையில்லை. நினைத்த பகுதியை நினைத்த அளவில் வெட்டிக் கேட்கும் வசதி மட்டும் இதில் இருக்காது. ஆனால் பெரிதாக்கிப் பார்க்கவும், மற்ற நூலகங்களின் படங்களோடு ஒப்பிடவும் தடையில்லை.

ஓலைச்சுவடியோ பழைய பத்திரிகையோ, ஸ்கேன் செய்யும் வேலையை வெளியாரிடம் கொடுக்கும் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நாளைக்கு உங்கள் மென்பொருளை நிறுத்திவிட்டால், எங்கள் படங்கள் வேறு இடத்தில் திறக்குமா?"