வாய்ச் சவ்வின் காவலர்: ஒரு வரலாற்று நோக்கு

தென் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கும் நெய்யூர் என்னும் ஊரிலே, கிறித்தவ மிசனரிமார் நடத்திய மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்குப் பணிபுரிந்த பெந்தால் என்னும் வைத்தியர் 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய குறிப்புக்களைத் தொகுத்து 1908 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த இயன் ஓர் என்பவர் 1933 இல், புகையிலை சேர்த்து வெற்றிலை மெல்லுதலுக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை விரித்தெழுதினார். திருவிதாங்கூர் நெடுங்காலம் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெருஞ்சந்தையாக விளங்கியதை அறிந்தோர் இதனை அயலூர்ச் செய்தியென்று ஒதுக்கார்.

வெற்றிலைக்கும் நோய்க்குமுள்ள தொடர்பு இவ்வாறு புலனாயிற்று. எனினும் சவ்வினுள்ளே நிகழ்வது யாது என்பதற்கு அவ்வைத்தியரால் விடை கூற இயலவில்லை. அவ்விடைக்கு வேண்டிய கலம் 1868 ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தும், அது இன்னதென்று எவருக்கும் தெரிந்திலது என்பதே இவ்வரலாற்றின் விந்தை.

பேர்ளினில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த பௌல் லங்கர்கான்ஸ் என்னும் இளைஞர், மனிதத் தோலைப் பொன் குளோரைட்டு ஊட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினார். கிளை விரித்த கரிய கலங்கள் மேற்றோலிற் காணப்பட்டன. அவற்றின் வடிவைக் கண்டு நரம்புக் கலங்களாமென அவர் கருதினார். இத்தவறு இகழத்தக்கதன்று, கண்ணுக்குப் புலனானது வடிவமே, தொழிலன்று. பிற்காலத்தார் சிலர் அவற்றை நிறமிழந்து தேய்ந்த நிறக்கலங்களென்றனர். 1882 இல் மெச்னிக்கோவ், மெசினா நகரிலே நட்சத்திர மீனின் குடம்பியுள் முள்ளைச் செருகி, அதனைச் சூழ்ந்த தின்குழியங்களைக் கண்டு நிர்ப்பீடன ஆராய்ச்சிக்குப் புதுவழி திறந்தார். அதன் பின்னரும் லங்கர்கான்சின் கலங்களை அவ்வழியில் வைத்து நோக்கியவர் இலர்.

1973 இல் ஸ்ரைன்மன், கோன் என்போர் எலியின் மண்ணீரலிற் கிளைக்கலங்களை இனங்கண்டனர். அப்பத்தாண்டின் இறுதிக்குள் லங்கர்கான்சின் கலங்களும் நிர்ப்பீடனத் தொகுதியைச் சேர்ந்தவையே எனத் தெளிவாயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது! தோலிற் போலவே வாய்ச்சவ்வின் மேலணியிலும் இவை உறைகின்றன. அயற்பொருளைப் பற்றி, நிணநீர்க்கணுவுக்குக் கொண்டுசென்று, ரி நிணநீர்க்குழியங்களுக்குக் காட்டுவது இவற்றின் தொழில்.

காவலர் என்றதும் நன்மையே செய்வர் என்றெண்ணுதல் பொருந்தாது. 1869 இல் இராசுமசு வில்சன் விவரித்த லைக்கன் பிளேனசு என்னும் நோயில், ரி குழியங்களே மேலணியின் அடித்தளக் கலங்களை அழிக்கின்றன. காவலரே வீட்டை இடிக்கும் நிலை இது. பாக்கினால் வரும் கேடு வேறு வகையது. 1952 இல் சுவார்ட்சு என்பவர் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் வாய் இறுகும் நோயொன்றை விவரித்தார். பாக்கின் சாற்றால் இடையறாது உறுத்தப்படும் சவ்விலே அழற்சிக்கலங்கள் கூடுகின்றன; அவை விடுக்கும் பதார்த்தங்களால் நார்க்கலங்கள் தூண்டப்படுகின்றன; கொலாசன் மிகுந்து குவிகிறது. இறுதியில் உணவு கொள்ளவும் வாய் திறவாது. அந்நோயாளர் சிலரிடத்துப் பின்னர்ப் புற்றும் தோன்றும்.

புற்று முளைத்தபின் நிகழ்வது இன்னும் கொடிது. கட்டியைச் சூழ்ந்த பெருந்தின்குழியங்கள் பலவும் அதற்குக் குருதிக்கலன்கள் வளரத் துணைபுரிகின்றன. புற்றுக்கலங்களோ தம் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தால் ரி குழியங்களை அடக்கிவிடுகின்றன. அவ்வடக்குதலை நீக்கும் மருந்துகள் தலை, கழுத்துப் புற்றுக்கு அமெரிக்காவில் 2016 இல் அனுமதிக்கப்பட்டன. அவற்றுக்கு அடிகோலிய அலிசன், ஒன்யோ இருவரும் 2018 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் அம்மருந்துகள் நோயாளரிற் சிறுபாலார்க்கே பயன் தருவன. விலையும் மிகப் பெரிது.

புகையிலையை விலக்கிப் பாக்கை மட்டும் மென்றாற் கேடில்லை என்பாரை இன்றும் காண்கிறோம். விருந்தின் முடிவில் தட்டத்தை நீட்டும் மூத்தோரிடம் மறுமொழி கூற யானும் பன்முறை தயங்கியதுண்டு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அனைத்துலக முகவர் நிலையத்தின் அறிஞர் குழு, பாக்குத் தனித்தே புற்று விளைப்பது என 2003 இல் முடிவு கூறிவிட்டது.

நம் நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுக்களில் வாய்ப்புற்று முன்னிற்பது. எனினும் இத்துறையில் உலகம் நோக்கத்தக்க பணியொன்றும் இங்கு நிகழ்ந்துள்ளது. கிராமங்களிற் கடமையாற்றும் அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்குச் சிறு பயிற்சியளித்து, 28,000 க்கு மேற்பட்டோரின் வாய்களை ஓராண்டளவிற் சோதித்த செய்தி 1984 இல் வெளிவந்தது. அவ்வூழியரிடம் நுணுக்குக்காட்டி இருக்கவில்லை. நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச்செய்து, கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் அடியையும் நோக்கி, வெள்ளைப்படலமோ செம்மையோ கண்டவிடத்து நோயாளரை வைத்தியரிடம் அனுப்பினர்.