நாற்றங்காலிலிருந்து தண்ணீர்மலை வரை

தண்ணீர்மலை என்றவுடன் பினாங்குத் தமிழரின் நினைவில் எழுவது முருகன் திருக்கோயிலும் தைப்பூசப் பெருவிழாவுமே. அருவி வீழும் அம்மலையடிவாரத்தில், கோயிலுக்கு அப்பால் சிறிது தொலைவில் பரந்து கிடக்கும் தாவரவியற் பூங்காவும் அப்பெயருக்கு உரியதுதான். ஆயினும் அதன் வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலர். கல் வெட்டி எடுத்த பின்னர்க் கைவிடப்பட்ட பள்ளத்தாக்கு ஒன்றை 1884ஆம் ஆண்டில் பூங்காவாக்கத் தொடங்கியவர் சார்லஸ் கர்ட்டிஸ் என்னும் ஆங்கிலேயர். நாற்றங்காலில் மண் பிசைந்து தொழில் பழகியவர் அவர். அவரை உருவாக்கியது வீட்ச் என்னும் ஒரு குடும்பத்தார் நான்கு தலைமுறைகளுக்கும் மேலாக நடத்தி வந்த செடி, விதை வாணிகம். பினாங்குப் பூங்காவின் வேர், ஆகவே, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாவட்டத்து நாற்றுமேடை ஒன்றில் இருக்கிறது.

கர்ட்டிசுக்கு முன்னரும் பினாங்கில் தோட்டங்கள் இருந்தன. அவை நிலைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், டச்சுக்காரரின் வாசனைப் பொருள் ஏகபோகத்தை உடைக்கும் நோக்குடன், கிறிஸ்டபர் ஸ்மித் என்பாரை மொலுக்காத் தீவுகளுக்கு அனுப்பினர். சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் நாற்றுகளைப் பல்லாயிரக்கணக்கில் அவர் பினாங்குக்கு அனுப்பி வைத்தார். எனினும் 19ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுமுன்னரே அத்தோட்டம் விற்கப்பட்டது. பின்னர் 1822இல் இரண்டாவது தோட்டம் எழுந்தது. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் வாலிச்சுடன் இங்கு வந்த ஜார்ஜ் போர்ட்டர் அதனைப் பேணினார். அவர் பள்ளி ஆசிரியராகவும் விளங்கினார் என்பது ஆசிரியப் பெருமக்களுக்கு உவப்பளிக்கும் செய்தியாகும். 1834இல் அதுவும் விற்கப்பட்டது. அதிகாரி மாறினால் தோட்டத்தின் விதியும் மாறும் என்பதே அன்றைய நிலை. செடிக்கு வேண்டியது இருபது, முப்பது ஆண்டுகளின் இடையறாத கவனம். அலுவலகத்திற்கோ அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

அப்பொறுமை குடும்பங்களிடம் இருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து, பினாங்கின் பெருவணிகர் ஜேம்ஸ் ஸ்காட்டுடன் கூட்டுச் சேர்ந்த டேவிட் பிரௌன் குளுகோரில் தோட்டம் அமைத்தார். 1825இல் அவர் மறைந்த பின்னரும் அவர் வழியினர் அதனை விடவில்லை. டத்தோ கிராமாட் சாலையிலுள்ள 'பாடாங் பிரௌன்' திடல் இன்றளவும் அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாலையில் அங்குச் சிற்றுண்டி அருந்துவோர் எத்தனை பேர் அப்பெயரின் பின்னால் ஒரு சாதிக்காய்த் தோட்டம் இருந்ததை அறிவர்? ஆயினும் குடும்ப உடைமையும் நோய்க்கு முன் நிற்கவில்லை. 1860ஆம் ஆண்டையொட்டிப் பரவிய நோய் பினாங்கின் சாதிக்காய்த் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. பாலிக் பூலாவ் பகுதியில் இன்று காணும் சாதிக்காய் மரங்கள் அப்பழைய பயிரின் தொடர்ச்சியே எனலாம்.

இனி வீட்ச் குடும்பத்தின் வரலாற்றைக் காண்போம். அதன் முதல்வர் ஜான் வீட்ச் 1752இல் ஸ்காட்லாந்தின் ஜெட்பரோ என்னும் ஊரிற் பிறந்தவர். இலண்டனில் நாற்றுப்பண்ணைத் தொழில் பயின்று, டெவனில் கில்லர்ட்டன் என்னும் இடத்தில் ஆக்லண்டு பிரபுவின் பூங்காவை அமைக்கச் சென்றார். பிரபுவின் ஆதரவால் அதனருகிலேயே சொந்தமாக நாற்றுப்பண்ணை ஒன்றைத் தொடங்கினார். அவர் மகன் ஜேம்ஸ் 1832இல் பண்ணையை எக்ஸிட்டர் நகருக்குக் கொண்டுவந்தார். தந்தை நட்டது நிழல்மரங்களும் கனிமரங்களும். மகன் கண்டதோ வேறொரு சந்தை. அக்காலத்து ஆங்கிலச் செல்வர் கண்ணாடி வீடுகள் கட்டி, அவற்றுள் வெப்பமண்டலச் செடிகளை வளர்ப்பதில் பெருமை கொண்டனர். யாரிடமும் இல்லாத செடியைத் தாம் வைத்திருக்க வேண்டும் என்னும் வேட்கைக்கு விலை வரம்பே இல்லை.

அவ்வேட்கையை நிறைவு செய்ய வீட்ச் குடும்பத்தார் தம் சொந்தச் செலவில் ஆட்களை உலகெங்கும் அனுப்பினர். முதலில் 1840இல் வில்லியம் லாப் தென்னமெரிக்கா சென்றார். அவர் அனுப்பிய விதைகளால் அராக்கேரியா மரம் ஆங்கிலத் தோட்டங்களில் பரவியது. கலிபோர்னியாவின் செக்கோயா என்னும் பேருருவ மரத்தின் விதைகளை 1853இல் கொணர்ந்தவரும் அவரே. அவர் தம்பி தாமஸ் லாப் 1843இல் கிழக்கே புறப்பட்டு, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஜாவாவிலும் மலாயாவிலும் செடி தேடினார். அதே 1853இல் குடும்பம் இலண்டனின் செல்சி பகுதியில், கிங்ஸ் சாலையிலிருந்த புகழ்பெற்ற பண்ணை ஒன்றையும் விலைக்கு வாங்கியது. மூன்றாம் தலைமுறையினரான இளைய ஜேம்ஸ் அதனை நடத்தினார். எக்ஸிட்டர் பண்ணையில் ஜான் டாமினி என்னும் ஊழியர் இரு வேறு ஆர்க்கிட் இனங்களைக் கலந்து உண்டாக்கிய செடி 1856இல் பூத்தது. மனிதன் உருவாக்கிய ஆர்க்கிட் கலப்பினங்களுள் முதலிற் பூத்தது அதுவே.

இவ்வாணிகத்தின் உயிர்நிலை எது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலமோ பணமோ அன்று. கடல் கடந்து வரும் செடியைச் சாகாமற் காக்கும் திறனே அது. பாய்மரக் கப்பலின் மேல்தளத்தில் உப்புக்காற்றும் நன்னீர்ப் பற்றாக்குறையும் செடிகளைக் கொன்றன. புறப்பட்டவற்றுள் கரைசேர்ந்தவை மிகச் சில. இலண்டன் மருத்துவர் நதானியல் வார்டு கண்டறிந்த கண்ணாடிப் பெட்டி இதற்கு வழி செய்தது. மூடிய பெட்டிக்குள் செடி வெளியிடும் நீராவியே குளிர்ந்து மீண்டும் மண்ணை நனைக்கும். 1833இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிச் சோதித்த இப்பெட்டி, பின்னர் பயிர்களின் உலக வரைபடத்தையே மாற்றியது. நீராவிக் கப்பலைப் போற்றும் வரலாற்று நூல்கள் இந்த எளிய பெட்டிக்கும் ஓரிரு பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

சார்லஸ் கர்ட்டிஸ் 1853இல் டெவனில் பார்ன்ஸ்டபிள் என்னும் ஊரிற் பிறந்தார். உள்ளூர்ப் பண்ணையிற் பயின்ற பின் 1874இல் செல்சியில் வீட்ச் நிறுவனத்திற் சேர்ந்தார். 1878இல் மொரீஷியசுக்கும் மடகாஸ்கருக்கும், அதன்பின் போர்னியோ, சுமத்ரா முதலிய தீவுகளுக்கும் அனுப்பப்பட்டார். மரியான் நார்த் என்னும் ஓவியர் 1876இல் சரவாக்கில் வரைந்த ஓவியம் ஒன்றில், அதுவரை எவரும் அறியாத பெரிய குடுவைச் செடி காணப்பட்டது. அப்போது நிறுவனத்தை நடத்தி வந்த ஹாரி வீட்ச் அதனைத் தேடிக் கண்டுபிடிக்குமாறு பணித்தவர்களுள் கர்ட்டிசும் ஒருவர். ஓர் ஓவியத்தையே சான்றாகக் கொண்டு காட்டில் ஒரு செடியைத் தேடுவதென்றால், அவ்வாணிகத்தின் வேகத்தை உய்த்துணரலாம். செடியும் கிடைத்தது.

கிடைத்த இடத்தை வெளியிடாமல் மறைப்பது அத்தொழிலின் முதல் விதி. சுமத்ராவில் கர்ட்டிஸ் கண்ட ஆர்க்கிட் ஒன்று அவர் பெயராலேயே வழங்கியது. அஃது எங்கே விளைகிறது என்பதை மட்டும் வீட்ச் நிறுவனம் சொல்லவில்லை. போட்டி நிறுவனமான சாண்டர் குடும்பத்தாரின் ஆள் ஒருவர் அதனைப் பல காலம் தேடியலைந்தார். கடைசியில் மலைமேல் வழிப்போக்கர் தங்கும் வீடொன்றின் சுவரில் அப்பூவின் ஓவியமும், கீழே கர்ட்டிசின் பெயர் முதலெழுத்துகளும் இருக்கக் கண்டு, அப்பகுதியிலேயே தேடிச் செடியை அடைந்தார் என்று ஆர்க்கிட் வணிகர் நடுவே ஒரு கதை வழங்கியது. வாய் மறைத்ததைக் கை காட்டிக் கொடுத்துவிட்டது போலும்.

இத்தகைய மறைப்புத் தொழிலிற் பயின்றவர்தாம் 1884இல் பினாங்குக்கு வந்து, நீரிணைக் குடியேற்றங்களின் தோட்ட, வனத் துறையில் பொறுப்பேற்றார். இங்கே அவருடைய பணி முற்றிலும் எதிரானது. கண்ட செடியின் இடத்தையும் நாளையும் குறித்து, உலர்த்தி, பிறர் ஆராயும்படி வைக்க வேண்டும். வளர்த்த நாற்றைத் தோட்டக்காரர்க்கு வழங்க வேண்டும். அவர் அதனைக் குறைவறச் செய்தார். பினாங்கு மலையிலும் லங்காவியிலும் கெடாவிலும் பேராக்கிலும் திரிந்து திரட்டினார். பல செடிகளின் அறிவியற் பெயர்களில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளத்தாக்கின் வளைவுகளைச் சிதைக்காமல், ஓடையையும் பாறையையும் அவ்வாறே விட்டுப் பாதை வகுத்த அழகில் அவருடைய நாற்றங்கால் பயிற்சி தெரிகிறது. குடும்ப வாணிகத்திற் பூட்டி வைத்திருந்த கைத்திறன் பொதுவுடைமையானது அப்போதுதான். பினாங்கு வரலாற்றில் அது சிறிய செய்தி அன்று.

நாற்றுப்பண்ணைக் குடும்பத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 1877 முதல் 1889 வரை பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, இலண்டனை அடுத்த கிளாப்டனில் பண்ணை நடத்தியவரின் மகன். தந்தையின் வாணிகத்திற்குச் செடி திரட்டவே இளமையில் போர்னியோ சென்றவர். அவருடைய கோலக் கங்சார் இல்லத்துத் தோட்டத்தில்தான் நம் மக்களின் வாழ்வை மாற்றிய அம்மரம் வேரூன்றியது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த சுமார் 70,000 இரப்பர் விதைகளுள், இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. இரப்பர் விதை சில வாரங்களில் உயிரிழக்கும் தன்மையது. முளைத்தவற்றுள் 1,919 நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குச் சென்றன. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கில் நடப்பட்டன.

இலங்கையில் அந்நாற்றுகள் வளர்ந்த ஹெனரத்கொடையில் வில்லியம் சகோதரர்கள் என்னும் குடும்ப நிறுவனம் வெப்பமண்டல விதைகளை உலகெங்கும் விற்றது. சிங்கப்பூரிலோ, தமிழர் பூமலை என்றழைத்த தாவரவியற் பூங்காவின் தலைவர் ரிட்லி, 1888 முதல் இரப்பர் விதைகளை விடாப்பிடியாகப் பரப்பினார். 1917க்குள் அப்பூங்கா வழங்கிய இரப்பர் விதைகள் 70 இலட்சத்திற்கும் மேல்.

அந்த விதைகள் காடாகவில்லை, தோட்டமாயின. தோட்டமாக்கியவர் யார்? நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய தமிழர். இறங்கியவர்களை நோய்த்தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் வைத்திருந்து, பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினர். காடழித்து, நாற்றுமேடை கட்டி, விதை பாவி, நிழற்பந்தலிட்டு, முளைத்ததைக் கொத்துமண்ணோடு பெயர்த்து நட்ட கைகள் அவர்களுடையவை. செடிகளின் இலத்தீன் பெயர்களில் வீட்ச் உண்டு, லோ உண்டு, லாப் உண்டு, கர்ட்டிஸ் உண்டு. நீர் ஊற்றியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. தாவரவியல் நூலைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. பெயரிடும் உரிமை எவரிடம் இருந்தது என்பதை மாணவர் அறிதல் நலம்.

கர்ட்டிஸ் 1903இல் ஓய்வு பெற்றுப் பிறந்த ஊருக்கே திரும்பி, 1928இல் மறைந்தார். அவரை அனுப்பிய நிறுவனம் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டது. 1912இல் சர் பட்டம் பெற்ற ஹாரி வீட்சுக்கு மக்கட்பேறில்லை. அடுத்த தலைமுறையில் தொழிலைத் தாங்கக் கூடியவர் இளமையிலேயே இறந்தார். பெயரை அயலாருக்கு விற்க மனமின்றி 1914இல் செல்சி பண்ணையை ஹாரி மூடினார். செடிகள் ஏலத்திற் சென்றன. நிலத்தில் வீடுகள் எழுந்தன. 1860களில் தனியே பிரிந்திருந்த எக்ஸிட்டர் கிளை மட்டும் நீடித்தது. அதனைக் கடைசியாக நடத்தியவர் மில்ட்ரெட் வீட்ச் என்னும் பெண்மணி. தந்தை பீட்டருக்குப் பின் பொறுப்பேற்று, 1969இல் வேறொரு பண்ணையாரிடம் ஒப்படைக்கும்வரை காத்தார். ஆண்வழி வாரிசு இன்மையால் அழிந்ததாகப் பேசப்படும் குடும்பத் தொழில் ஒன்று, ஒரு மகளின் கையில் இத்தனை ஆண்டு வாழ்ந்தது கருதத்தக்கது.

பினாங்குப் பூங்காவுக்கும் ஒரு கண்டம் வந்தது. 1910இல், பெருகிவரும் நகருக்கு நீர் வேண்டுமென, அப்பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்க அரசு முனைந்தது. கர்ட்டிஸ் திரட்டிய உலர்செடித் தொகுப்பும் சிங்கப்பூருக்குப் பெயர்க்கப்பட்டது. ஆயின் நீர்த்தேக்கம் கட்டப்படவில்லை, தோட்டம் தப்பியது. பெரிய அணை பின்னர் 1962இல் ஆயர் ஈத்தாமில் எழுந்தது. தண்ணீர்மலைப் பூங்கா 2021இல் யுனெஸ்கோ அறிவித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதியாயிற்று. மலையுச்சியில் மரங்களுக்கு மேலாக அமைந்த நடைபாதை ஒன்றுக்குக் கர்ட்டிசின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். ஜார்ஜ் டவுன் மக்கள் வைகறையில் நடை பயில வருவதோ, கீழே அவர் வகுத்த பழைய பாதைகளுக்குத்தான்.