வில்லும் பெருவிரலும்

யான் ஆசிரியனாகவுள்ள பள்ளியின் ஆண்டுவிழாவில் மாணாக்கர் ஏகலைவன் நாடகம் நடித்ததை நஞ்சங்கத்து அன்பர் பலரும் நேரில் வந்து கண்டு மகிழ்ந்தனர். அதன் ஒத்திகையில் நிகழ்ந்ததொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஏகலைவனாக நடித்தவன் கல்வராயன் மலையினின்று இறங்கிவந்து கள்ளக்குறிச்சியில் தங்கிப் பயிலும் சிறுவன். விரலை அறுத்துக் கொடுக்குங் காட்சியில் அவன் சட்டென நின்று, “ஐயா, ஒலிம்பிக் பந்தயத்தில் அம்பெய்வோர் மூன்று விரல்களால் அல்லவோ நாணை இழுக்கின்றனர்? பெருவிரல் போனால் இவனுக்குக் குறைந்தது என்ன?” என்று வினவினான்.

விடை கூற வாராது நின்றேன். இருபது ஆண்டுகளாகப் பாரதக்கதை சொல்லிவரும் எனக்கு அவ்வையம் ஒருநாளும் தோன்றிற்றில்லை. அன்றிரவே நூல்களைப் புரட்டலானேன்.

நாண் இழுக்கும் முறை உலகில் ஒன்றன்று. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையுங் கொக்கிபோல் வளைத்து இழுப்பது ஐரோப்பியர் வழக்கு. இன்றைய பந்தயங்களில் நாம் காண்பதும் அதுவே. துருக்கர், பாரசீகர், மங்கோலியர், சீனர், கொரியர் ஆகியோர் கொண்டது வேறு. அவர் பெருவிரலை நாணில் மாட்டி, அதன் நகத்தின்மேற் சுட்டுவிரலை மடக்கிப் பூட்டி, எஞ்சிய மூன்றையும் உள்ளங்கையோடு ஒடுக்கி இழுப்பர். இடக்கையில் வில் பிடிப்போனுக்கு மூவிரல் முறையில் அம்பு வில்லின் இடப்பக்கத்தே கிடக்கும். பெருவிரல் முறையிலோ வலப்பக்கத்தே கிடக்கும்.

இதனால் வரும் நன்மை யாதெனின், நாண் ஓரிடத்தே மட்டும் பற்றப்படுதலின், குட்டையான வில்லைக் காதளவு வலித்தாலும் விரல்கள் நாணிடை நெரிபடா. விடும்போதும் தடை ஒன்றே. அது நீங்கியவுடன் அம்பு பறக்கும். குதிரைமேலிருந்து குறுவில் எய்வோர் இம்முறையை விரும்பியதன் காரணம் இதுவே. அராபியர் இப்பிடிக்கு இட்ட பெயர் அறுபத்துமூன்று! அவர் விரல்மடக்கி எண்ணுங் கணக்கில், சுட்டுவிரல் பெருவிரல்மேற் கவிந்தால் அறுபது; கடை மூன்று விரல்களும் மடங்கினால் மூன்று. அவ்வெண்ணைக் கேட்டவுடன் நமக்கு நாயன்மார் நினைவு வருதல் இயல்பே. அவருள் வில்லேந்திய கண்ணப்பரும் உளர். நம் திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மெய்ப்பொருளாரும் உளர்.

ஆயினும் வலிய நாண் வெறும் விரலை அறுத்துவிடும். ஆகவே பெருவிரற்கு ஒரு காப்பு வேண்டிற்று. கொம்பு, எலும்பு, தந்தம், பச்சைக்கல், உலோகம் என்பவற்றால் மோதிரஞ் செய்து அணிந்தனர். இது நாம் அணியும் மோதிரம்போல் முழுவட்டமன்று. ஒருபுறம் உதடுபோல் நீண்டு, விரலின் உட்புறத்தை மூடி நிற்கும். அவ்வுதட்டின்மேல் நாண் தங்கி, விடும்போது வழுக்கி ஓடும். துளை முட்டைவடிவினது. பக்கவாட்டில் நுழைத்துப் பின் திருப்பினால் கணுவிற் பிடித்துக் கழலாது நிற்கும். பாரசீகர் இதனை ஜிஹ்கீர் என்பர். நாண்பற்றி என்பது அதன் பொருள். சீன நாட்டில் கி.மு. 1200-ஐ ஒட்டி வாழ்ந்த பூஹாவோ என்னும் அரசியின் கல்லறையை 1976-ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, நாண் பதியும் வடுவோடு கூடிய பச்சைக்கல் மோதிரம் ஒன்று கிடைத்தது. அவ்வரசி படைநடத்தியவள். பிற்காலத்து மொகலாய வேந்தர் இம்மோதிரங்களில் மணி பதித்து அணிகலனாகவே ஆக்கிக்கொண்டனர். ஷாஜஹானுடையதொன்று லண்டன் நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் உள்ளது.

இனி மாணவன் வினாவுக்கு வருவேன். வடமொழிப் பாரதம் ஒரு செய்தியைத் தெளிவாகவே கூறுகின்றது. பெருவிரல் கொடுத்தபின் ஏகலைவன் எஞ்சிய விரல்களால் எய்தான். ஆனால் முன்னிருந்த விரைவு அவனுக்கு இல்லையாயிற்று. இதனை அக்கதையின் முற்பகுதியோடு வைத்து நோக்குக. பாண்டவரைத் திகைக்கச் செய்தது குறி தப்பாமை மட்டும் அன்று. குரைத்த நாய் வாய்மூடுமுன் ஏழு அம்புகளை அதன் வாயிற் புகுத்திய விரைவும் அவரை நாணச் செய்தது. அவ்விரைவு பெருவிரற் பூட்டினால் வந்தது. ஆசிரியன் எதைக் கேட்டால் எது போகும் என்பதைத் துரோணன் அறிவான். வேடர்கோன் மகனும் அறிந்தே கொடுத்தான். விரல் ஒன்று போயிற்று என்று நாம் இரங்குகிறோம். போனது அவன் தானே தேடிக் கைவரப்பெற்ற வித்தை. இதனைத் துரோணன் செய்த பிழை என்றே யான் கொள்வேன்; மாறுபடும் அன்பர் உளராயின் எழுதுக.

நம் நாட்டு வில்லாளர் மோதிரம் அணிந்தனரோ எனின், நூல்கள் பேசுவது பெரும்பாலும் தோலைப்பற்றியே. வடநூல்களில் வீரர் உடும்புத்தோலாற் செய்த விரற்காப்பைக் கட்டிப் போர்க்கு எழுவர். தமிழில் அது விரற்புட்டில் எனப்படும். கோதை என்னுஞ் சொற்கு மாலை, சேரன் என்னும் பொருள்களோடு, வில்லாளர் கையிற் கட்டுந் தோல், உடும்பு என்னும் பொருள்களும் உள்ளமை கருதத்தக்கது. விலங்கின் பெயரே அதன் தோலாலான கருவிக்கும் ஆயிற்று. (இன்று உடும்பைக் கொல்லுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தாற் குற்றமாதலின், இளைஞர் எவரும் செய்து பார்க்க முற்படற்க.)

வில்லின் பெயர்களும் சான்றாகும். சிலை என்பது ஒரு மரத்தின் பெயர். கொடுமரம் என்பது வளைந்த மரம். நம் மலைநாட்டு வில் மரத்தாலும் மூங்கிலாலும் ஆயது என்பதை இவை காட்டும். திருமாலின் சார்ங்கமோ கொம்பு என்னும் பொருள்தரும் வடசொல்லினின்று வந்தது. கொம்பாற் கட்டிய குறுவில்லுக்கே கல்மோதிரம் உரியது. மூங்கில் வில்லுக்குத் தோலே போதும்.

ஆதலின், முள்ளூர் மலைக்குரிய மலையமான் திருமுடிக்காரியை மணிமோதிரத்தோடு ஓவியர் தீட்டினால் யான் ஒப்பேன். கல்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட தொலைவு பெரிதன்று. அக்கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியின் ஓரம்பு யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை வீழ்த்திற்று என்று புறநானூறு புகழ்கின்றது. அத்தகையோனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தவன் நம் காரி. இருவரும் கடையெழு வள்ளல்களுள் வைத்து எண்ணப்படுவோர். அவர் காலத்துக்குப் பின்னரும் இப்பக்கத்து வில் ஓயவில்லை. அண்டையிலுள்ள செங்கம் பகுதி நடுகற்களில், ஆநிரை காத்துப் பட்ட வீரர் வில்லும் அம்பும் ஏந்தி, உடலில் அம்பு தைக்க நிற்றலைக் காணலாம். திருக்கோவலூர் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்ததாயிற்று. காரியின் ஊர் நம் மாவட்டத்து ஊர் என்று மேடைகளிற் பெருமை பேசுகிறோம். அவன் படைஞர் நாணை எவ்வாறு பற்றினர் என்று கேட்க ஒரு சிறுவன் வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் மறுநாள் அவனுக்குச் சொன்னேன். அமைதியாகக் கேட்டவன் மாலையில் பழஞ்செருப்பின் வாரொன்றை அறுத்துப் பெருவிரலிற் சுற்றிக்கொண்டு வந்தான். மலையில் தன் பாட்டனார் உண்டைவில்லில் உண்டையைப் பிடிப்பதும் பெருவிரலும் சுட்டுவிரலுமே என்றான். மூங்கில் வில்லை அவன் அவ்வாறு வலித்தபோது முதல் நான்கு அம்புகள் தரையில் விழுந்தன. ஐந்தாவது வைக்கோற்பிரியிற் பாய்ந்தது.

நாடகத்தின் இறுதியில் யான் ஒரு காட்சியை எழுதிச் சேர்த்தேன். குருதி தோய்ந்த துணி கட்டிய கையோடு ஏகலைவன் மீண்டும் வில்லை எடுத்து, எஞ்சிய விரல்களால் இழுத்து விடுகின்றான். விழாவன்று அவ்வம்பு மேடையைக் கடந்து முன்வரிசை நாற்காலிகளின் முன்னே விழுந்தது. அவன் அதனை எடுக்கச் செல்லவில்லை.