வளைந்த கார் ரிம்: நிமிர்த்தலாமா, மாற்ற வேண்டுமா?

மழைநீர் தேங்கிய சாலைக் குழியில் கார் வேகமாக இறங்கும்போது டயர் முழுமையாக அமுங்கி, அடி நேராக ரிம்மில் விழுகிறது. டயரில் காற்று குறைவாக இருந்தால் ரிம் வளையும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

அறிகுறிகள்

வேகமாகச் செல்லும்போது ஸ்டீயரிங் அதிரும். ஒரே டயரில் மட்டும் காற்று அடிக்கடி குறையும். வளைவு உட்புற விளிம்பில் இருந்தால் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியாது. பாலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் சுழலும்போது அருகில் நின்று கவனித்தால் தெரிந்துவிடும். பாலன்சிங் எடையை மட்டுமே சமப்படுத்தும், வளைவை நிமிர்த்தாது.

நிமிர்த்தக்கூடியவை

விளிம்பில் சிறு வளைவு மட்டும் இருந்து, விரிசல் இல்லையென்றால் ஹைட்ராலிக் கருவியால் நிமிர்த்தலாம். அலுமினிய ரிம்மை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதன் வலிமை குறையும்.

மாற்ற வேண்டியவை

விரிசல் விட்ட ரிம், ஆரம் அல்லது போல்ட் துளைப் பகுதி வளைந்த ரிம் ஆகியவற்றை மாற்றுவதே பாதுகாப்பு. விரிசலை வெல்டிங் செய்து ஓட்டினால், ஓடும்போதே மீண்டும் உடையலாம். டயரின் பக்கவாட்டில் வீக்கம் தெரிந்தால் டயரையும் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது

விட்டம், அகலம், போல்ட் துளை அமைப்பு, நடுத்துளை, ஆஃப்செட் ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும். பெரோடுவா மைவிக்கு 100 மில்லிமீட்டர் வட்டத்தில் 4 துளைகள். ஆஃப்செட் மாறினால் டயர் உரசக்கூடும். பழைய ரிம் வாங்குவோர், பணம் கொடுக்கும் முன் அதைச் சுழற்றிக் காட்டச் சொல்வது நல்லது.

பொருத்திய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.