வேக் தீவின் தொழிலாளர்

போர்க்களம் செல்பவன் சிப்பாய் ஒருவனே என்று கருதுவோர் நம்மிற் பலர். அரண் கட்டுபவனும் விமானத் தளத்துக்கு மண் சுமப்பவனும் அவனோடு செல்கின்றனர். சில வேளைகளில் அவனுக்கு முன்னரே சென்று விடுகின்றனர். ஆபத்து வந்த காலத்தில் இவர்கள் கதி யாது என்பதை, எந்தப் பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்றார்கள் என்பதே நிர்ணயித்தது. பசிபிக் கடலிலுள்ள வேக் தீவின் சரித்திரம் இதற்குச் சான்று.

ஹவாய்க்கும் குவாமுக்கும் இடையே பவளத் திட்டுகள் மூன்று சேர்ந்ததே வேக். அங்கே கடற்படை விமானத் தளம் அமைக்கும் வேலையை அமெரிக்க அரசு ஒப்பந்தக் கம்பெனிகளிடம் விட்டது. 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலை ஆரம்பமாயிற்று. தச்சர், இயந்திரம் ஓட்டுவோர், சமையற்காரர் என 1,100 பேருக்கு மேல் அங்கே சேர்ந்தனர். நல்ல சம்பளம் அவர்களை இழுத்தது. அவர்கள் கையொப்பமிட்டது கட்டட வேலைக்கேயன்றி யுத்தத்துக்கன்று. படையினரோ ஏறக்குறைய ஐந்நூறு பேரே.

ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கிய அதே 1941 டிசம்பர் 8-ஆம் தேதி, வேக் தீவிலும் குண்டுகள் விழுந்தன. 11-ஆம் தேதி கரையேற வந்த படை, நாசகாரிக் கப்பல்கள் இரண்டை இழந்து திரும்பிற்று. தொழிலாளரிற் பலர் வெடிமருந்து சுமந்தனர், மணல்மூட்டை அடுக்கினர், சிலர் பீரங்கியண்டையிலும் நின்றனர். இங்கேதான் சங்கடம். யுத்த நியதிப்படி சீருடையணிந்தவன் பிடிபட்டால் யுத்தக் கைதி. சீருடையின்றி ஆயுதம் தொட்டவனையோ ஒளிந்து தாக்குபவன் எனக் கொன்றுவிட இடமுண்டு. கைகட்டி நின்றால் மட்டும் குண்டு அவனை விட்டு விலகிச் செல்லுமா?

டிசம்பர் 23-இல் தீவு வீழ்ந்தது. அடுத்த மாதமே அமெரிக்கக் கடற்படை விழித்துக்கொண்டது. அட்மிரல் பென் மோரீல் என்பவரின் முயற்சியால், 1942 ஜனவரி 5-ஆம் தேதி கட்டடத் தொழிலாளரைக் கொண்டே படைப்பிரிவுகள் திரட்ட அனுமதி கிடைத்தது. அதே தச்சன், அதே கொல்லன். இப்பொழுது சீருடையும் துப்பாக்கியும் உண்டு. ஐம்பது வயதினரும் சேரலாம். கைத்தொழில் தேர்ச்சிக்கேற்பப் பதவி. 'ஸி. பி.' என்ற சுருக்கெழுத்து ஆங்கிலத்தில் கடல் தேனீ என்றும் ஒலிக்குமாதலால், அப்பெயரே நிலைத்தது. யுத்தம் முடிவதற்குள் 3,25,000 பேர் இதிற் பணிபுரிந்தனர்.

வேக்கில் அகப்பட்டோர்க்கு இதனால் யாது பயன்? பெரும்பாலோர் சீனாவிலும் ஜப்பானிலுமுள்ள சிறைமுகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டனர். வேலைக்கென்று நிறுத்தப்பட்டவர் 98 பேர். அமெரிக்க விமானங்கள் தீவைத் தாக்கியபின், 1943 அக்டோபர் 7-இல், ஜப்பானியத் தளபதி ஸகாய்பாரா இவர்களைச் சுட்டுக் கொல்வித்தான். தப்பியோடிய ஒருவன் பவளப் பாறையில் எழுத்துப் பொறித்து, பின்னர் பிடிபட்டு மாண்டான் என்பர். அவன் பொறித்தது: 98 என்ற தொகை, ஒரு தேதி, 'அமெரிக்க யுத்தக் கைதிகள்' என்ற சுருக்கம். எந்தப் பதிவேடும் அளிக்காத பெயரைத் தானே தனக்கும் தோழர்க்கும் சூட்டிக்கொண்டான்! சயாம் ரயில் பாதையில் மாண்ட நம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர்க்கு இவ்வளவும் கிட்டவில்லை; அங்கே சிப்பாய்களுக்குப் பெயரெழுதிய கல்லறைகள் உண்டு.

ஸகாய்பாரா 1947-இல் குவாமில் தூக்கிலிடப்பட்டான். வேக்கின் காவலில் பங்குகொண்ட தொழிலாளரை, போரிற் பணிபுரிந்தோராக அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 1981-இல்தான். அதற்குள் நாற்பதாண்டுகள் சென்றிருந்தன.